விளையாட்டுக்குக் கிடைத்த கூலி

உழைப்புக்கு ஊதியம் தருவது உலக வழக்கு. விளையாட்டுக்கு ஊதியம் பெறுவதோ, ஆடுகளத்தில் பெயர் பெற்ற சிலருக்கே உரிய பேறாக நெடுங்காலம் இருந்து வந்தது. இவ்வழக்கை மாற்றி, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் ஆடும் எளிய மனிதருக்கும் நாள்தோறும் கூலி உண்டு என்று ஒரு விளையாட்டு அறிவித்தது. அறிவித்தபடியே கொடுக்கவும் செய்தது. வியட்நாமில் பிறந்து பிலிப்பீன்ஸ் நாட்டில் வேரூன்றிய 'ஆக்சி இன்ஃபினிட்டி' என்னும் அந்த விளையாட்டின் வரலாறு, 2020ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரையிலான மூன்றே ஆண்டுகளுக்குள் எழுச்சியும் வீழ்ச்சியும் ஒருங்கே கண்ட வரலாறு ஆகும். கூலியை வரையறுக்கும் விதி எவர் கையில் உள்ளதோ, அவர் கையிலேயே கூலி பெறுவோரின் வாழ்வும் உள்ளது என்னும் பழைய உண்மையை இப்புதிய விளையாட்டு மீண்டும் ஒருமுறை மெய்ப்பித்தது.

அட்டைகளின் முன்வரலாறு

சேர்த்து வைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் கூடிய அட்டைகளைக் கொண்டு ஆடும் விளையாட்டுக்கு வித்திட்டவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். அவர் வகுத்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் விளையாட்டை 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டது. அட்டைகளுள் சில அரியவை. பல எளிதில் கிடைப்பவை. அரிய அட்டைகளுக்கு ஆடுவோரிடையே விலை ஏறியது. 1995ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பழைய அட்டைகள் பலவற்றை 'கிரானிக்கல்ஸ்' என்னும் தொகுப்பாக மீண்டும் அச்சிட்டபோது, அவற்றை விலை கொடுத்துச் சேர்த்தவர்கள் வெகுண்டெழுந்தனர். அதன் விளைவாக 1996ஆம் ஆண்டில், குறிப்பிட்ட சில அட்டைகளை இனி ஒருபோதும் மீண்டும் அச்சிடுவதில்லை என்னும் வாக்குறுதியை நிறுவனம் வழங்கியது. அச்சிடுபவரின் ஒரு முடிவு, சேர்த்து வைத்திருப்பவரின் செல்வத்தை ஒரே நாளில் குறைத்துவிடக் கூடும் என்பதற்கு இஃது ஆரம்பகாலச் சான்று எனலாம்.

ஆயினும், அன்றைய அட்டை விளையாட்டுக்கும் பின்னர் வந்ததற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கார்ஃபீல்டின் விளையாட்டில் அட்டையை விற்றுப் பணம் காணலாமேயன்றி, ஒவ்வோர் ஆட்டத்தில் வெல்வதற்கும் நிறுவனம் கூலி கொடுத்ததில்லை. அந்தக் கூலிக்கு வழி வகுத்தது பிளாக்செயின் என்னும் தொழில்நுட்பமே. பல கணினிகளில் ஒருசேர எழுதப்பட்டு, எழுதியபின் எவரும் தனித்துத் திருத்த இயலாதவாறு காக்கப்படும் பொதுக் கணக்கேடே பிளாக்செயின். இன்னார்க்கு இன்ன பொருள் உரியது என்பதை அவ்வேடு பதிந்து வைக்கும். 2017ஆம் ஆண்டின் இறுதியில் 'கிரிப்டோகிட்டீஸ்' என்னும் பூனை வளர்ப்பு விளையாட்டு இவ்வேட்டைப் பயன்படுத்திப் புகழ் பெற்றது. அதனைக் கண்டு ஊக்கம் கொண்ட வியட்நாமியர் நுவென் தான் துருங் என்பாரும் அவருடைய தோழர்களும், 2018ஆம் ஆண்டில் ஹோ சி மின் நகரில் 'ஸ்கை மேவிஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கி ஆக்சி விளையாட்டை உருவாக்கினர்.

ஆட்டமும் நாணயமும்

ஆக்சி என்பது நீர்வாழ் உயிரினம் போன்ற தோற்றம் கொண்ட கற்பனைப் பிராணி. அதன் கொம்பு, வாய், முதுகு, வால் ஆகிய நான்கு உறுப்புகளும் நான்கு அட்டைகளைக் குறிக்கும். மூன்று ஆக்சிகளைக் கொண்டதே ஓர் அணி. ஓர் அணிக்குப் பன்னிரண்டு வகை அட்டைகள், வகைக்கு இரண்டாக 24 அட்டைகள். பிராணியை வாங்குவதென்பது உண்மையில் அதன் உடலோடு பிறந்த அட்டைகளை வாங்குவதே. வலிய அட்டைகளை உடைய ஆக்சிக்கு விலை மிகுதி. மெலிந்த அட்டைகளை உடையதற்கு விலை குறைவு.

ஆடுவோருக்குப் பரிசாகக் கிடைத்தது 'ஸ்மூத் லவ் போஷன்' என்னும் மின்னாணயம், சுருக்கமாக எஸ்.எல்.பி. இதனை மூன்று வழிகளில் ஈட்டலாம். கணினியை எதிர்த்து ஆடும் 'சாகசப் பயணம்' ஒன்று. அன்றாடப் பணியை நிறைவேற்றுவது மற்றொன்று. பிற ஆட்டக்காரரோடு களத்தில் மோதி வெல்வது மூன்றாவது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை சாகசப் பயணத்தில் நாளொன்றுக்கு 100 நாணயமும், அன்றாடப் பணிக்கு 50 நாணயமும் கிடைத்தன. களத்தில் கிடைப்பது ஆடுபவரின் திறனையும் அட்டைகளின் வலிமையையும் பொறுத்தது.

இந்நாணயத்துக்கு விளையாட்டினுள் இருந்த முதன்மைப் பயன் ஒன்றே. இரண்டு ஆக்சிகளை இணைத்துக் குட்டி பெறுவதற்கு எஸ்.எல்.பி. செலுத்த வேண்டும், செலுத்திய நாணயம் அழிக்கப்படும். ஓர் ஆக்சி ஏழு முறை வரை குட்டி ஈனலாம். ஒவ்வொரு முறையும் செலவு கூடும். பிறந்த குட்டியை வாங்குவோர் யார்? புதிதாக ஆட்டத்தில் நுழைவோரே பெரும்பாலும் வாங்கினர். ஆகவே, பழைய ஆட்டக்காரர் ஈட்டிய நாணயத்துக்கு மதிப்பளித்தது புதியவர் கொண்டு வந்த பணமே. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் நிகழ்ந்தவை அனைத்தும் எளிதில் விளங்கும்.

கபனத்துவான் நகரின் காட்சி

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பிலிப்பீன்ஸின் லூசோன் தீவு முழுவதும் முடக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அந்நாட்டின் வேலையின்மை 17 விழுக்காட்டைத் தாண்டியது. வீட்டில் முடங்கிய மக்களிடம் கைப்பேசி இருந்தது, வேலை இல்லை. மணிலாவுக்கு வடக்கே நுவேவா எசிகா மாநிலத்தில் உள்ள கபனத்துவான் நகரில் சிலர் ஆக்சி ஆடத் தொடங்கினர். ஒருவர் ஈட்டியதைக் கண்டு அண்டை வீட்டார் சேர்ந்தனர். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ஒரு குறும்படம், சிறிய மளிகைக் கடை நடத்திய முதியவர்களும் இவ்விளையாட்டால் வருவாய் கண்டதை உலகுக்குக் காட்டியது.

ஆட்டத்தில் நுழைய மூன்று ஆக்சிகள் வேண்டும். அவற்றின் விலை பல நூறு அமெரிக்க வெள்ளியாக உயர்ந்தபோது, ஏழைகளால் அதனைக் கொடுக்க இயலவில்லை. எனவே ஆக்சிகளை உடையவர், இல்லாதவருக்கு அவற்றை ஆடக் கொடுத்து, வருவாயில் பங்கு கொள்ளும் முறை தோன்றியது. இம்முறைக்குச் சூட்டப்பட்ட பெயர் 'ஸ்காலர்ஷிப்', அதாவது உபகாரச் சம்பளம்! ஆடுபவர் 'ஸ்காலர்' ஆனார். உடையவர் 'மேனேஜர்' ஆனார். 2020ஆம் ஆண்டில் பிலிப்பீன்ஸியர் கேபி டிசோன் முதலியோர் நிறுவிய 'யீல்ட் கில்ட் கேம்ஸ்' என்னும் அமைப்பு, ஆடுபவருக்கு 70 விழுக்காடும், அவரைச் சேர்த்துப் பயிற்றுவிப்பவருக்கு 20 விழுக்காடும், அமைப்புக்கு 10 விழுக்காடும் என்று வகுத்துக்கொண்டது. பாதிக்குப் பாதி கேட்ட உரிமையாளரும் இருந்தனர். உண்மையான உபகாரச் சம்பளம் கல்விக்காகக் கொடுக்கப்படுவது. இதுவோ நிலம் இல்லாதவன் பிறர் நிலத்தில் உழும் வாரச் சாகுபடியையே பெரிதும் ஒத்திருந்தது.

2021ஆம் ஆண்டு ஜூலையில் எஸ்.எல்.பி.யின் விலை 30 அமெரிக்கக் காசைத் தாண்டியது. அவ்வுச்ச நாள்களில் கிடைத்த வருவாயை ஒரு கணக்கால் விளக்கலாம். சாகசப் பயணத்தில் 100, அன்றாடப் பணிக்கு 50, களத்தில் 50 என ஒருவர் நாளொன்றுக்கு 200 நாணயம் ஈட்டினார் என்று கொள்வோமாக. 30 காசு விலையில் அதன் மதிப்பு 60 வெள்ளி. ஆடியவருக்குரிய 70 விழுக்காட்டுப் பங்கு 42 வெள்ளி. வெள்ளிக்கு ஏறத்தாழ 50 பெசோ என்னும் கணக்கில், அது 2,100 பெசோ. அன்று மணிலாப் பெருநகரில் சட்டம் வகுத்த ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 537 பெசோ. ஏறத்தாழ நான்கு மடங்கு! கடன் வாங்கியேனும் ஆக்சி வாங்கலாம் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆகஸ்டில் இவ்வருவாய்க்கு வரி உண்டு என்று அந்நாட்டின் நிதித்துறை நினைவூட்டும் அளவுக்கு இது நாட்டு வழக்காயிற்று.

முதல் குறைப்பு

நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் நாணயம் ஈட்டினர். ஈட்டியவருள் பலர் அதனைக் குட்டி பெறுவதற்குச் செலவிடாமல், அரிசிக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் விற்றனர். பிறக்கும் நாணயம் பெருகியது. அழியும் நாணயம் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. விலை சரியத் தொடங்கியது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் பரிசு விதிகளை மாற்றியது. சாகசப் பயணத்தின் 100 நாணயம் 50 ஆயிற்று. அன்றாடப் பணியின் 50 நாணயம் 25 ஆயிற்று. களத்தில் உயர்ந்த தரவரிசையில் இருப்போருக்குப் பரிசு கூட்டப்பட்டது. 800 புள்ளிக்குக் கீழே வீழ்ந்தோருக்குக் களத்தில் ஒன்றுமே இல்லை என்றாயிற்று. திறமைக்கு மதிப்பளிக்கும் மாற்றம் என்று இதனைப் போற்றலாம். ஆனால் தரவரிசையை உயர்த்துவது திறமை மட்டுமன்று; விலை உயர்ந்த அட்டைகளும் ஆகும். இரவல் பெற்ற மெலிந்த அணியை வைத்து ஆடிய ஏழை ஆட்டக்காரருக்கு உறுதியாகக் கிடைத்து வந்தவை சாகசப் பயணமும் அன்றாடப் பணியும் தந்த நாணயங்களே. அவ்விரண்டும்தாம் பாதியாகக் குறைந்தன.

முன்னர்க் கண்ட அதே ஆட்டக்காரரின் கணக்கை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஈட்டும் நாணயம் 200இலிருந்து 125 ஆயிற்று. நவம்பரில் விலை 6 காசை ஒட்டி நின்றது. 125 நாணயத்தின் மதிப்பு ஏழரை வெள்ளி. அவர் பங்கு ஐந்தேகால் வெள்ளி, அதாவது ஏறத்தாழ 262 பெசோ. குறைந்தபட்சக் கூலியில் பாதிக்கும் குறைவு. இவ்விடத்தில் ஒன்று கருதத் தக்கது. விதி மாற்றத்தால் நாணயத்தின் எண்ணிக்கை எட்டில் மூன்று பங்கு குறைந்தது. விலை வீழ்ச்சியாலோ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. எண்ணிக்கையைக் குறைத்தால் விலை நிலைக்கும் என்பது நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. எண்ணிக்கையும் குறைந்தது, விலையும் நிலைக்கவில்லை.

அது ஏன் என்பதற்கு விடை, ஆட்டக்காரர் தொகையிலேயே உள்ளது. ஒவ்வொருவருக்கும் கொடுப்பது குறைந்தாலும், பெறுவோர் தொகை பெருகிக்கொண்டே இருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாள்தோறும் ஆடியோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. அதே அக்டோபரில் ஸ்கை மேவிஸ் நிறுவனம் ஏறத்தாழ 15 கோடி வெள்ளி முதலீடு திரட்டியது. அதன் மதிப்பு 300 கோடி வெள்ளியை எட்டியது. ஆக்சி விற்பனை ஒவ்வொன்றிலும் நாலேகால் விழுக்காடு கட்டணம் பெறப்பட்டது. நிறுவனம் உச்சியில் நின்ற அதே காலத்தில், ஆடுவோரின் அன்றாடக் கூலி படியிறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது குறைப்பு

2022ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் எஸ்.எல்.பி.யின் விலை ஒரு காசை ஒட்டி வீழ்ந்தது. நம் கணக்கில் வரும் ஆட்டக்காரரின் நாள் வருவாய் 125 காசு. அவர் பங்கு 88 காசுக்கும் குறைவு. 44 பெசோவுக்கு நாள் முழுதும் கண் வலிக்க ஆட வேண்டிய நிலை ஏற்பட்டது.

பிப்ரவரியில் நிறுவனம் கடுமையான முடிவை எடுத்தது. சாகசப் பயணத்துக்கும் அன்றாடப் பணிக்கும் எஸ்.எல்.பி. வழங்குவது முற்றாக நிறுத்தப்பட்டது. இந்நடவடிக்கை இல்லையேல் விளையாட்டின் பொருளாதாரமே நிலைகுலையும் என்று நிறுவனம் வெளிப்படையாகவே கூறியது. அறிவிப்பு வந்த சில நாள்களில் விலை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்து 3 காசு வரை சென்றது. மருந்து பலித்தது என்று பலர் மகிழ்ந்தனர்.

ஆயினும் மருந்து எவருக்குப் பலித்தது என்று ஆராய்தல் வேண்டும். நாணயத்தைச் சேர்த்து வைத்திருந்தவருக்கு விலையேற்றம் நன்மையே. நாள்தோறும் ஈட்டி, இரண்டு வாரத்துக்கொருமுறை பெற்று விற்பவருக்கோ கணக்கு வேறு. அவருக்கு எஞ்சியது களத்தில் கிடைக்கும் 50 நாணயம் மட்டுமே. 3 காசு விலையில் ஒன்றரை வெள்ளி. அவர் பங்கு ஒரு வெள்ளியும் ஐந்து காசும். விலை மும்மடங்கு உயர்ந்தும் அவர் கூடுதலாகக் கண்டது பத்துப் பெசோவுக்கும் குறைவு. களத்தில் 800 புள்ளிக்குக் கீழே கிடந்தவருக்குக் கிடைத்ததோ சுழியம். சுழியத்தை எந்த விலையால் பெருக்கினாலும் சுழியமே.

அந்த விலையேற்றமும் நீடிக்கவில்லை. பிறப்பைக் குறைத்தால் மட்டும் போதாது. நாணயத்தைச் செலவிட ஆள் வேண்டும். புதியவர் வருகை குன்றிய பின் குட்டிகளை வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாதபோது குட்டி பெறுவோரும் இல்லை. குட்டி பெறுவோர் இல்லாதபோது நாணயத்துக்குத் தேவையும் இல்லை. கூலி குறைந்தமையால் ஆடுவோர் விலகினர். பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய ஆக்சிகள் சில வெள்ளிக்கும் விலைபோகாமல் கிடந்தன. இவ்வாறு, பரிசுக் குறைப்பு ஆட்டக்காரரின் அன்றாட வருவாயோடு நில்லாமல், அவர்கள் முதலாக இட்ட பணத்தையும் பாதித்தது. வருவாய் தரும் மாட்டுக்குத்தான் சந்தையில் விலை. பால் வற்றிய மாட்டை வாங்குவார் யார்?

கொள்ளையும் அதன் பின்னும்

இந்நிலையில் வேறோர் இடியும் விழுந்தது. ஆக்சிக்கெனவே 2021ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட 'ரோனின்' என்னும் கணக்கேட்டின் பாலத்தை உடைத்து, 2022ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் 1,73,600 ஈதர் நாணயமும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட வெள்ளி மதிப்புள்ள நாணயமும் களவாடப்பட்டன. மொத்த மதிப்பு 60 கோடி வெள்ளியைத் தாண்டும். ஆறு நாள்கள் கழிந்த பின்னரே நிறுவனம் இதனைக் கண்டறிந்தது. வடகொரியாவைச் சார்ந்த 'லாசரஸ்' கும்பலே இதனைச் செய்தது என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை ஏப்ரலில் அறிவித்தது. நிறுவனம் புதிய முதலீடு திரட்டி, ஜூன் இறுதியில் பாலத்தை மீண்டும் திறந்து இழப்பை ஈடுசெய்தது.

ஆக்சியின் வீழ்ச்சிக்கு இக்கொள்ளையே காரணம் என்று கூறுவோர் உளர். காலவரிசையை நோக்கின் அது பொருந்தாது. கொள்ளை நிகழும் முன்பே நாணயத்தின் விலை உச்சத்திலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வீழ்ந்திருந்தது. இரண்டு முறை பரிசும் குறைக்கப்பட்டிருந்தது. கொள்ளை, சாய்ந்துகொண்டிருந்த மரத்தின்மீது விழுந்த அடியேயன்றி, மரம் சாய்ந்ததற்கு மூலகாரணம் அன்று. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எஸ்.எல்.பி.யின் விலை அரைக் காசுக்கும் கீழே சென்றது. நாளொன்றுக்கு 50 நாணயம் ஈட்டியவரின் பங்கு ஒன்பது பெசோவைக்கூட எட்டவில்லை.

அவ்வாண்டு ஏப்ரலில் 'ஆக்சி இன்ஃபினிட்டி: ஆரிஜின்' என்னும் புதிய வடிவம் வெளிவந்தது. அதில் தொடக்க ஆக்சிகள் மூன்று இலவசமாகவே வழங்கப்பட்டன. ஆனால் அவற்றை விற்க இயலாது. 'ஈட்டுவதற்காக ஆடுக' என்னும் பழைய முழக்கமும் 'ஆடுக, ஈட்டுக' என்று மாறியது. சொல் சிறிதே மாறினாலும் பொருள் பெரிதும் மாறிவிட்டது. விளையாட்டு, வேலை என்னும் பெயரைத் துறந்து மீண்டும் விளையாட்டாகவே ஆகத் தலைப்பட்டது.

வரலாறு உணர்த்துவது

நிறுவனம் பரிசைக் குறைத்தது தவறு என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிட இயலாது. குறைக்காமல் இருந்திருப்பின் நாணயம் இன்னும் விரைந்து மதிப்பிழந்திருக்கும். தவறு குறைப்பில் அன்று. அளவின்றிக் கொடுக்கத் தொடங்கியதில் இருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது தமிழர் பழமொழி. அளவு காணாமல் அள்ளிக் கொடுத்துவிட்டு, வறியோர் அதனை நம்பிக் குடும்பம் நடத்தத் தொடங்கிய பின்னர் அளக்க முற்பட்டதே துயரத்துக்கு வித்தாயிற்று.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. எவரும் திருத்த இயலாத ஏட்டில் தம் சொத்து பதிவாகியுள்ளது என்பதே இவ்விளையாட்டில் சேர்ந்தோருக்குக் கூறப்பட்ட பெரும் பெருமை. அது பொய்யன்று. ஆக்சி எவருடையது என்பதை அவ்வேடு மாறாமல் காத்தது. ஆனால், அந்த ஆக்சியைக் கொண்டு ஆடினால் நாளைக்கு எத்தனை நாணயம் கிடைக்கும் என்பதை அவ்வேடு கூறவில்லை. நிறுவனத்தின் அறிவிப்பே கூறியது. சொத்து மாறாத ஏட்டில் இருந்தது. சொத்தின் மதிப்பைத் தீர்மானித்த விதியோ மாறும் கையில் இருந்தது. மாற்றத்தைப் பற்றி ஆடுவோரிடம் கருத்துக் கேட்கவோ, அவர்களுக்காக வாதாடவோ தொழிற்சங்கம் இல்லை. குறைந்தபட்சக் கூலி என்னும் வரம்பும் இல்லை. வேலை என்று அழைக்கப்பட்ட அதற்கு, வேலைக்குரிய காப்பு ஒன்றும் இல்லாமற் போயிற்று.

கபனத்துவான் மக்கள் பெருந்தொற்றுக் காலத்தில் ஆக்சியால் பசியாறினர் என்பதும் வரலாறே; அதனை மறைத்தல் நேர்மையாகாது. முன்னே நுழைந்தோர் வீட்டுக் கடனை அடைத்தனர். பின்னே நுழைந்தோர் கடன் பட்டனர். இருவரும் ஆடியது ஒரே ஆட்டம். இருவர் கையிலும் இருந்தவை அதே அட்டைகள். எந்தத் திங்களில் நுழைந்தார் என்பதே ஒருவரை உயர்த்தியது, மற்றவரைத் தாழ்த்தியது. உழைப்பின் அளவாலோ திறமையின் அளவாலோ அன்றி, நுழைந்த காலத்தால் அளக்கப்படும் வருவாயைக் கூலி என்று அழைப்பது பொருந்துமா என்பதே இவ்வரலாறு பயில்வோர் முன் வைக்கும் வினா ஆகும்.